கொன்றவன் நட வேண்டிய கல்

வேலும் வாளும் மட்டும் இருந்த காலத்தில் கொன்றவனுக்கு ஒரு கடமை இருந்தது. சண்டை முடிந்ததும் யாரைக் கொன்றோம் என்று பேர் கேட்டு, தன் காட்டு வரப்பில் அவனுக்கு ஒரு கல் நட வேண்டும். வருஷத்துக்கு ஒரு தரம் சோறாக்கிப் படைக்க வேண்டும். செத்தவன் வீட்டில் அழுவார்கள், கொன்றவன் வீட்டில் கும்பிடுவார்கள். மேலக்கோட்டைப் பக்கம் அதுதான் வழக்கம். இது நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள். செத்தவன் பேர் இரண்டு வீட்டில் நிலைத்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பிறகு துப்பாக்கி வந்து தொலைந்தது.

மேலக்கோட்டைப் பாளையக்காரருக்கும் கீழக்கோட்டைக்காரருக்கும் ஒரு குளத்து மடை யாருக்கு என்று தகராறு. மேலக்கோட்டைக்காரர் துறைமுகத்திலிருந்து நாற்பது துப்பாக்கிகளை வண்டியேற்றிக் கொண்டுவந்தார். பழக்கிக் கொடுக்க ஒரு ஆளும் கூடவே வந்தான். மருந்தைக் கொட்டு, உண்டையைப் போடு, கம்பியால் இடி, திரியை வை. இதைச் சொல்லிக் கொடுக்க அவனுக்கு இரண்டு மாசம் ஆனது.

"ஒத்தைத் துப்பாக்கியால ஒரு பனைமரத்தைக்கூடக் குறி பாத்து அடிக்க முடியாது" என்றான் அவன். "நாப்பதும் வரிசையா நின்னு ஒரே நேரத்துல சுட்டா, யார் மேலயாவது படும்."

யார் மேலயாவது! அதற்குப் பேர் வீரமாம்.

அந்த வரிசையில் நின்றவர்களில் வெயிலுமுத்துவும் ஒருவர். கீழக்கோட்டை மண்மதிலுக்கு எதிரே நின்று ஒரே ஒரு தரம்தான் சுட்டார்கள். கண் எரிகிற புகை. மதிலில் சிலர் விழுந்ததாகப் பிறகுதான் கேள்விப்பட்டார்கள். கீழக்கோட்டைக்காரர்கள் அப்படி ஒரு சத்தத்தை அதுவரை கேட்டதே இல்லை. புகை கலைவதற்குள் சமாதானம் பேச ஆள் அனுப்பிவிட்டார்கள். மடை மேலக்கோட்டைக்கு வந்தது. நாற்பது பேரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள்.

மூன்றாம் மாசம் வெயிலுமுத்துவின் மகன் கிணற்றில் விழுந்து செத்தான்.

அவர் மனைவி உலகம்மை மார்பில் அடித்துக்கொண்டு ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "நீரு கொன்னவன் கல்லும் இல்லாம சோறும் இல்லாம அலையுதான். அவன் பேரைக் கேட்டு கல்லை நடும். இருக்கிற பொட்டப்பிள்ளையையாவது விட்டுவைப்பான்."

பேர் என்றால் எந்தப் பேர்? நாற்பது பேர் சுட்டதில் யாருடைய உண்டை யார் மேல் பட்டது என்று எந்தச் சாமிக்குத் தெரியும்? வெயிலுமுத்து குறி சொல்கிறவரிடம் போனார். அவர் ஒரு கோழியை வாங்கிக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொன்னார். துப்பாக்கி பழக்கின ஆளிடம் போய்க் கேட்டார். அவன் சிரித்துவிட்டான்.

"அதுக்குத்தானய்யா உங்களை வரிசையா நிக்க வச்சேன். யாரு கொன்னான்னு யாருக்கும் தெரியாது. பாவம் ஒருத்தன்மேலயும் ஒட்டாது. போய் நிம்மதியாத் தூங்கும்."

தூக்கம் வந்தால்தானே? கடைசியில் வெயிலுமுத்து, பெரிய சாலையோரம் தண்ணீர்ப்பந்தல் வைத்திருந்த அம்மையிடம் வந்து சேர்ந்தார். அம்மைக்கு அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவு. அதைப் பார்க்காமல் காலில் விழுந்து சீடராகிவிட்டார். விறகு உடைத்தார், பானை கழுவினார், வண்டிமாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். தினமும் காலையில் ஒரே கேள்வி.

"அம்மை, நான் கொன்னது யாரை?"

அம்மை அடுத்த குடத்தை எடுத்துக் கையில் கொடுப்பாள்.

ஒரு நாள் அவருக்குப் பொறுமை போய்விட்டது. "வாளால செத்தாலும் சாவுதான், துப்பாக்கியால செத்தாலும் சாவுதான். என்ன வித்தியாசம், சொல்லுங்க பாப்போம்."

"செத்தவனுக்கு ஒரு வித்தியாசமும் இல்ல அண்ணாச்சி. கொன்னவருதான் ஆறு மாசமா என் பந்தல்ல பானை கழுவுதாரு."

அன்றைக்குத்தான் அம்மை மோர்மத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இதை என்கிட்ட ஏன் கேக்கீய? கீழக்கோட்டைக்குப் போய்க் கேளுங்க."

"அங்கயா? கண்ட இடத்துல வெட்டிப் போடுவாங்களே!"

"வெட்டட்டுமே. வெட்டினவனுக்காவது யாரைக் கொன்னோம்னு தெரியும்."

வெயிலுமுத்துவின் முகம் செத்துப்போனது. ஆனாலும் போனார்.

நான்காம் நாள் வெயில் ஏறுகிற நேரத்தில் திரும்பி வந்தார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. மேல்துண்டை உதறிப்போட்டு உட்கார்ந்தார். அம்மை ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தாள்.

"யாருன்னு சொல்லி ஊருக்குள்ள போனீய?"

"உள்ளதைச் சொன்னேன் அம்மை. அன்னைக்கு வரிசையில நின்னவன், செத்தவங்க பேரைக் கேக்க வந்திருக்கேன்னு சொன்னேன்."

"அடிச்சாங்களா?"

"அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். திண்ணையைக் காட்டி உக்காரச் சொன்னாங்க. ரொம்ப நேரம் கழிச்சு ஊர்க்காவக்காரரு வந்தாரு. மதில் கிட்டக் கூட்டிட்டுப் போயி, இந்த இடத்துல இன்னாருன்னு காட்டினாரு."

"சொல்லுங்க."

வெயிலுமுத்து சொன்னார். கதவுக்குக் காவல் நின்ற பலவேசம். மதில் மேல் வேலோடு நின்ற அண்ணன் தம்பி, இருளப்பனும் கொம்பையாவும். பிறகு சிவனணைஞ்சான். அந்தப் பேரைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிட்டது.

"சிவனணைஞ்சான்னா சும்மா ஆளு இல்ல அம்மை. அவன் வேலுக்கு அந்தச் சீமையே நடுங்குமாம். மதில் மேல நெஞ்சை நிமித்திட்டு நின்னிருக்கான். எனக்கு நேர் எதிரே! நான் நின்ன இடத்தையும் அவன் விழுந்த இடத்தையும் கண்ணால பாத்துட்டேன். என் உண்டைதான், சந்தேகமே இல்ல. அவனுக்கே கல்லை நட்டுருதேன். அப்படிப்பட்ட ஆளு சாமியா வந்து நின்னா என் மகளுக்கு ஒரு குறையும் வராது."

"நல்லது" என்றாள் அம்மை.

மலையடிவாரத்தில் நல்ல கல்லாகப் பார்க்க வேண்டும், நாள் குறிக்க வேண்டும், உலகம்மைக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று அவர் பேசிக்கொண்டே போனார். அம்மை இலை போட்டுச் சோறு வைத்தாள். குழம்பு ஊற்றினாள். வெயிலுமுத்து பிசைந்தார். பிசைந்தது பிசைந்தபடியே கிடந்தது. நாலு நாள் நடந்து வந்த மனுஷர் ஒரு வாய்கூட எடுக்கவில்லை.

"பேருதான் கிடைச்சாச்சே அண்ணாச்சி. சோறு ஏன் இறங்கல?"

அவ்வளவுதான். சோற்றுக் கையோடு அழ ஆரம்பித்துவிட்டார். ஐம்பது வயது ஆள், தோளெல்லாம் குலுங்க அழுதார். தண்ணீர் குடிக்க வந்த வண்டிக்காரர்கள் குடிக்காமலே நின்றார்கள். மகன் செத்த அன்றுகூட அவர் அப்படி அழுதிருக்க மாட்டார்.

"ஒரு பிள்ளை அம்மை. முப்பிடாதின்னு பேரு. எட்டு வயசு. அப்பனுக்குக் கஞ்சி கொண்டு போனவ, வேடிக்கை பாக்க மதில் மேல ஏறியிருக்கா. அவளைப் பெத்தவதான் எனக்குக் கால் கழுவத் தண்ணி தந்தா. தந்துட்டுக் கேட்டா. 'அண்ணே, நீங்க எதுத்தாப்புலதான நின்னீய, என் பிள்ளை விழுந்தப்போ அழுதாளா'ன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீய?"

"புகையில ஒண்ணும் தெரியலன்னு சொன்னேன். 'அப்படியா அண்ணே'ன்னுட்டு உள்ள போயிட்டா."

அம்மையின் கண்ணும் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"அவ பேரை ஏன் சொல்லாம விட்டீய?"

"அது என் உண்டை இல்ல அம்மை. நான் சிவனணைஞ்சானைப் பாத்துதான் சுட்டேன். என் மகள்மேல சத்தியம்."

"உங்களுக்கு வலப்பக்கம் நின்னவரு?"

"அவரும் அவனைப் பாத்துதான் சுட்டிருப்பாரு."

"இடப்பக்கம்?"

"எல்லாரும் அவனைப் பாத்துதான் அம்மை! நாப்பது பேரையும் கூப்பிட்டுக் கேளுங்க. அந்தப் பிள்ளையை ஒருத்தனும் சுடல."

"ஆமா. ஒருத்தரும் சுடல" என்றாள் அம்மை. "சிவனணைஞ்சானுக்குக் கல்லு நட நாப்பது பேரு வருவீய. அந்தப் பிள்ளைக்கு யாரு அண்ணாச்சி நடுவா?"