மன்னர் முகத்தில் ஓர் அலகு

டங், டங், டங். மலையிலிருந்து தன்னைப் பெயர்த்தெடுத்த உளியின் சத்தம் அந்தக் கல்லுக்கு நெடுங்காலம் நினைவிலிருந்தது. அப்போது அது ஒரு சாண் கனம். பாரிஸ் நகரில் மதாம் ஒதீல் என்பவளின் அச்சகத்துக்குப் படம் அச்சிடும் கல்லாக வந்தபின் இளைக்கத் தொடங்கியது.

அந்த ஊரில் மன்னர்கள் அடிக்கடி கவிழ்ந்தார்கள். ஒருவர் கவிழ்ந்ததும் மெழுகுக்கோல் துள்ளி வந்து கல்லின்மேல் அவரைக் கேலிப்படமாக வரையும். மை தடவி ஆயிரம் தாள் அச்சடிப்பார்கள். அடுத்தவரை வரைவதற்காக, மணலும் நீரும் போட்டுப் படம் போகும்வரை கல்லைத் தேய்ப்பார்கள். இன்னும் ஒரு தேய்ப்பைத் தாங்கமாட்டோம், அச்சுப்பொறி அழுத்தும்போது பிளந்துவிடுவோம் என்று கல்லுக்குத் தெரிந்துவிட்டது.

கடைசியாக ஓடிப்போன மன்னரை மெழுகுக்கோல் வாத்தாக வரைந்திருந்தது. கிரீடம் நழுவிக் கழுத்தில் மாட்டிய வாத்து. ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மறுவாரம், புதிய மன்னரைக் கம்பீரமாக அச்சிடும்படி அரண்மனையிலிருந்து ஆணை வந்தது. மணல் கல்லின்மேல் ஏறியது.

"அக்கா, நீயும் ஒரு காலத்தில் கல்தானே," என்றது கல். "இந்த ஒரு தடவை பட்டும் படாமல் தேய்த்துவிடு."

மணல் சத்தத்தை மட்டும் பலமாகப் போட்டுக்கொண்டு மேலோட்டமாக உருண்டு கொடுத்தது.

மெழுகுக்கோல் புதிய மன்னரை வரைந்தது. முதல் நூறு தாள் நன்றாக வந்தது. பிறகு மன்னரின் மீசைக்கு மேலே மெல்ல ஓர் அலகு நீண்டது. யாரும் கவனிக்காமல் அந்தத் தாள்களையும் கடைச் சன்னலில் தொங்கவிட்டார்கள். மாலைக்குள் தெருவெல்லாம் சிரிப்பு. கல்லை உடைக்கச் சுத்தியலோடு வந்தார் காவல் அதிகாரி லெக்கூர். யார் செய்த வேலை இது என்று அதட்டினார்.

மதாம் ஒதீல் தாளைத் தூக்கிப் பார்த்தாள். "யாரும் செய்யவில்லை ஐயா. போனவர் சரியாக அழியவில்லை. அதனால் வந்தவருக்குள்ளே தெரிகிறார்."

லெக்கூர் சுத்தியலை ஓங்கினார். படம் கண்ணில் பட்டது. தோள் குலுங்கிற்று. முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி ஓங்கினார், மறுபடி குலுங்கிற்று. கடைசியில் ஒரு தாளைச் சுருட்டிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, கல் உடைக்கப்பட்டது என்று அறிக்கையில் எழுதிவிட்டுப் போனார்.

அந்த மன்னரும் ஒரு மாதத்தில் சமையல்காரர் வேடத்தில் ஓடினார். மெழுகுக்கோல் துள்ளி வந்தது. எதற்கு அழிக்க வேண்டும், கீழே பெயரை மட்டும் மாற்றிவிடு என்றது கல். அடுத்து விழுந்த மூவருக்கும் அதே அலகுதான். வாங்கியவர்கள் அத்தனை பேரும், அச்சு அசல் அவரேதான் என்றார்கள்.

லெக்கூர் அத்தனை ஆட்சியிலும் அதே பதவியில் இருந்து, எழுபத்தோராம் வயதில் தன் கட்டிலில் இறந்தார்.