மாடத்தி கூப்பிட்ட சாட்சி

முள்ளிச்சேரியில் ஒரே வாரத்தில் மாடத்தியின் ஏழு ஆடுகள் களவு போயின. திருட்டைத் தடுக்க ஊரில் ஒரு கண்காணிப்புக் குழு இருந்தது. அதன் தலைவர் பரமார்த்தலிங்கம் தம் வீட்டு முற்றத்திலேயே கூட்டம் போட்டு, விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் முன்னால் மீசையை முறுக்கினார்.

"இவளே ஆட்டை வித்துட்டு நாடகம் ஆடுதா சார். இல்லேன்னா சாட்சியோட திருடனைக் காட்டட்டும், இப்பவே!"

மாடத்தி கலங்கிப்போனாள். ஆனால் முற்றத்து ஓரம் பூட்டிக் கிடந்த குடோனின் வாசலில் ஆட்டுப் புழுக்கையைப் பார்த்ததும் துணிந்துவிட்டாள்.

"சாட்சியைக் கூப்பிடவா அய்யா?" என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டுவிட்டு, மந்தையை அழைப்பதுபோல் நீளமாகக் குரல் கொடுத்தாள். குடோனுக்குள்ளிருந்து 'மே... மே...' என்று ஒரே கூச்சல்.

"அ... அது என் ஆடுக!" என்றார் தலைவர்.

"அப்ப நீங்க ஒரு குரல் கொடுங்க மொதலாளி."

தலைவர் தொண்டை கிழியக் கத்தினார். உள்ளே சத்தமே இல்லை. மாடத்தி மெல்லக் கூப்பிட்டாள். ஆடுகள் முட்டிய முட்டில் கதவே அதிர்ந்தது.

இன்ஸ்பெக்டர் சாவி கேட்டுக் கை நீட்டினார். கதவு திறந்ததும் ஏழு ஆடுகளும் ஓடிவந்து மாடத்தியை மொய்த்தன. தலைவர் ஜீப்பில் ஏறினார்.

"இனி குழுவுக்கு யாருய்யா தலைவர்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஊரே மாடத்தியைக் கைகாட்டியது.