பவளக்கொடிக்கு வந்த கட்டி

பவளக்கொடி உப்பளத்தில் வேலை பார்த்தாள். நாற்பத்தைந்து வயது, ஒண்டிக்கட்டை. ஒரு வருஷமாக இடுப்பில் வலி. நீர் சரியாகப் பிரியவில்லை. அடிக்கடி ஒதுங்கப் போனாள். "மகாராணி டிமிக்கி கொடுக்கப் போறா" என்று கூட வேலை செய்கிறவர்கள் சிரித்தார்கள். புற்றாக இருக்குமோ என்ற பயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தவள் டாக்டர் எஸ்தர். பத்து வருஷம் பிரசவம் பார்த்துவிட்டு, அறுவை பழகுவதற்கென்று பெரிய டாக்டர் மரகதவல்லி அம்மாளிடம் வந்து சேர்ந்தவள்.

"மேடம், கர்ப்பப்பை சுத்தமா இருக்கு. அதுல கட்டியே இல்லை. பிறகு வலி எங்கேருந்து வருது?"

அம்மாள் கட்டில் பக்கம் திரும்பினார். பவளக்கொடியிடம் கேட்டார்.

"எந்தப் பக்கமா படுப்பே தாயி?"

"ஒரே பக்கந்தான் டாக்டரம்மா. புரண்டா நீர் அடைச்சுக்கிடுது. இதை யாரும் கேட்டதே இல்லையே!"

அம்மாள் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். எஸ்தரின் கையையும் இழுத்து அங்கே வைத்தார்.

"சுத்தமா இருக்குன்னு எழுதியிருக்கே. கர்ப்பப்பை வலப்பக்கமா ஒதுங்கி நிக்குதுன்னு எழுதலையே. எது தள்ளுச்சு?"

மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பைக்கு இடப்புறம், அதைப் பிடித்திருக்கும் சவ்வின் மடிப்புக்குள் கட்டி ஒளிந்திருந்தது. சிறுநீர்க் குழாயை அதுதான் நெரித்துக்கொண்டிருந்தது.

அறுவை மேஜையில் பவளக்கொடி சொன்னாள்: "புத்துன்னா மறைக்காம சொல்லிருங்க. என்னைத் தவிர எனக்கு ஆள் கிடையாது."

அவள் மயங்கியதும் வயிற்றைத் திறந்தார்கள். எஸ்தர் நேராகக் கட்டியின் மேல் கை வைத்தாள்.

"முதல்ல குழாயைத் தேடு," என்றார் அம்மாள். "கட்டி எங்கயும் ஓடிடாது."

குழாயை ஒதுக்கிவிட்டுக் கட்டியை உரித்து எடுத்தார்கள். தேங்காய் அளவு. ஒரு துண்டு உடனடிச் சோதனைக்குப் போனது. தையல் முடிவதற்குள், புற்று இல்லை, வெறும் சதைக்கட்டி என்று பதில் வந்தது.

எடுத்த கட்டியைத் தட்டில் வைத்து, வெளியே காத்திருக்கும் சொந்தக்காரர்களுக்குக் காட்டுவது அந்த ஆஸ்பத்திரி வழக்கம். எஸ்தர் கதவைத் திறந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாள். வேறு யாருக்கோ காத்திருந்த நாலு பேர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

உள்ளே வந்தாள். "யாரும் இல்லை மேடம். தட்டை மூடி அனுப்பிரவா?"

அம்மாள் கடைசித் தையலைப் போட்டார். கையுறையைக் கழற்றினார். வெளியே போய், அந்த நாலு பேருக்கு நடுவில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

எஸ்தர் தட்டோடு வாசலில் நின்றாள்.

"கூப்பிடு."

"பவளக்கொடி கூட வந்தவங்க..."

அம்மாள் எழுந்து வந்தார்.

"நான்தாம்மா. எங்க பிள்ளைக்கு என்ன இருந்துச்சு?"