பதினோராவது படலம்

பதினோராவது படலமும் உரிந்து வந்த அன்று, திருவரங்கன் ஒரு கடிதத்தோடு தமயந்தியின் மேசைக்கு வந்தார்.

தமயந்தி அவருடைய ஆய்வு நெறியாளர். வயதில் அவரைவிட ஆறு வருடம் இளையவர். திருவரங்கன் ஒரு கல்லூரி விரிவுரையாளர். மூன்று வருட விடுப்பில் ஆராய்ச்சிக்கு வந்தவர். விடுப்பில் இன்னும் நான்கு மாதம்தான் மிச்சம்.

காற்றில்லாத உலோகக் கூண்டுக்குள் ஒரு பொடியைச் சூடாக்கி, ஆவியாக்கி, கண்ணாடித் துண்டின்மேல் படியவைப்பது அவருடைய வேலை. வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் படலம். தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. படிந்ததும் செலோடேப்பை ஒட்டி இழுத்துப் பார்ப்பார். பதினொரு முறையும் ஒரே மூலையில், மொச்சைக் கொட்டை அளவுக்கு, படலம் டேப்போடு வந்துவிட்டது.

"செலோடேப்ல நல்ல சோலார் செல் பண்ணிட்டேன் மேடம்," என்றார். சிரிக்கவில்லை.

"இது என்ன கடிதம் சார்?"

"எஸ்தரை மாத்திக் கொடுங்கன்னு எழுதியிருக்கேன். கண்ணாடி கழுவுறது அவங்கதான். அழுக்கு இருந்தா படலம் ஒட்டாது. சூடு, பொடி, நேரம் எல்லாத்தையும் மாத்திப் பார்த்துட்டேன். மாத்தாதது எஸ்தரை மட்டும்தான்."

எஸ்தர் ஆய்வகத்தின் தற்காலிக ஊழியர். மாதக் கடைசியில் அவருடைய பணி ஆணை முடிகிறது. இந்தக் கடிதத்தில் கையெழுத்து விழுந்தால் புதுப்பிக்க மாட்டார்கள். அது இருவருக்கும் தெரியும்.

தமயந்தி பேனாவை எடுக்கவில்லை.

"அவங்க கழுவினதை நீங்க பார்க்கிறது உண்டா?"

"பார்க்காம இருப்பேனா? ஒவ்வொண்ணையும் வெளிச்சத்துல பிடிச்சு, ரெண்டு பக்கமும் பார்த்துட்டுத்தான் உள்ளே வைப்பேன். ஆனா கண்ணுக்குத் தெரியாத அழுக்கை எப்படி மேடம் பார்க்கிறது?"

தமயந்தி எழுந்தார். காலையில் எஸ்தர் கழுவி மூடிவைத்திருந்த டப்பாவைத் திறந்து, இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து ஒரு கண்ணாடியை எடுத்தார். அதன்மேல் ஹா என்று மூச்சு விட்டார்.

கண்ணாடி முழுவதும் ஒரே சீராக வெளுத்தது. மெல்லத் தெளிந்தது.

"அழுக்கு இருக்கிற இடத்துல மூச்சு வேற மாதிரி படியும்," என்றார்.

திருவரங்கன் உதட்டைப் பிதுக்கினார். "இந்த ஒண்ணு நல்லா அமைஞ்சிருக்கு."

"இருக்கலாம். நீங்க எப்பவும் பார்க்கிற மாதிரியே இதை ஒரு தடவை பாருங்க சார்."

அவர் வாங்கிக்கொண்டார். மூலையைப் பிடித்து ட்யூப் லைட்டுக்கு நேரே தூக்கினார். சாய்த்தார், திருப்பினார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"கையுறை?"

"போட்டா வழுக்குது மேடம். போன வருஷம் ஒண்ணு கைநழுவி உடைஞ்சு, விரலைக் கிழிச்சிடுச்சு." கண்ணாடியை இறக்கினார். "சுத்தமாத்தான் இருக்கு."

"இப்போ மூச்சு விடுங்க."

ஓரங்களை விரல்நுனியால் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டார்.

கண்ணாடி வெளுத்தது. ஒரு மூலையில் மட்டும், மொச்சைக் கொட்டை அளவுக்கு, ரேகை ரேகையாகத் தெரிந்தது. ரேகைகளுக்குக் குறுக்கே ஒரு கோடு. திருவரங்கன் தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார். உடைந்த கண்ணாடி விட்டுப்போன தழும்பு அங்கேயே இருந்தது.

ஈரம் சுருங்கிக்கொண்டே வந்தது. ரேகையும் போயிற்று. கண்ணாடி பளிச்சென்று இருந்தது, எதுவுமே நடக்காத மாதிரி.

வெளியே குழாயடியில் எஸ்தர் யாரையோ கேலி செய்தபடி பீக்கர் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே அவருடைய சிரிப்பு கேட்டது.

திருவரங்கன் மேசையிலிருந்த கடிதத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது போயிடுமா மேடம்?" என்று கேட்டார்.

"போயிடும் சார்," என்றார் தமயந்தி. "எஸ்தர்கிட்ட கொடுங்க."