தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம்

"அவனுக்கு மட்டும் ஏதோ தனியா சொல்லிக் குடுத்திருக்கீங்க மேஸ்திரி!"

காண்டீபனுக்கு வயசு நாப்பத்தெட்டு. மேஸ்திரி நூர்ஜஹானுக்கு முப்பத்தி நாலு. அந்த மெக்கானிக் ஷெட்டுல வயசு கணக்கில்ல. வண்டி யாருக்கு அடங்குதோ அவங்கதான் மேஸ்திரி.

"எவனுக்குண்ணே?"

"தனபாலுக்குத்தான்! அவன் தொட்ட வண்டி திரும்பி வர்றதே இல்ல. என் வண்டி மட்டும் தலை தீபாவளி மாப்பிள்ளை மாதிரி வந்து வந்து நிக்குது."

வண்டின்னா, பேண்டு செட்டுக்காரரோட பழைய வேன். மேடு ஏறினா ரேடியேட்டர் தண்ணி கொதிக்கும். புஸ்ஸ்ஸ்ஸ்னு அது ஊதுற ஊதுக்கு உள்ள இருக்குற டிரம்பெட்டுக்காரன் தோத்துப் போவான்.

"என்னென்ன மாத்துனீங்க?"

"வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ், ரேடியேட்டர். மாத்தாதது ஓனரைத்தான். அவரே மாறிடுவாரு போல. இன்னொரு தடவை கொதிச்சா வண்டியை தனபால்கிட்ட விட்டுருவேங்குறாரு. அவனும் இளிப்பான், 'ஹெ ஹெ, முடிஞ்சுதுண்ணே'ன்னு."

தனபால் மாதிரியே பல்லைக் காட்டுனாரு.

"தண்ணி ஊத்துனதும் ஏர் எடுக்குறீங்களா?"

"எடுக்காம? உள்ள காத்து நின்னா கொதிக்குமே. மூடியைத் திறந்து வச்சு, இன்ஜினை ஓடவிட்டு, குமிழி நிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருப்பேன்."

"நிக்கிற வரைக்கும்?"

"நிக்கிற வரைக்கும்."

"நாளைக்குக் காலைல இன்னொரு தடவை எடுங்க."

மறுநாள் காண்டீபன் வந்தப்போ, ஷெட்டுக்கு நடுவுல ஒரு தார்ப்பாய் தொங்குச்சு. அந்தப் பக்கம் தனபாலோட இடம். டங், டங்னு ஸ்பானர் சத்தம்.

வந்துட்டானா, எனக்கு முன்னாடியே!

காண்டீபன் மூடியைத் திறந்தாரு. இன்ஜினை ஓடவிட்டாரு. உக்காந்தாரு.

ப்ளக்.

கண்ணு குமிழி மேல. காது தார்ப்பாய் மேல.

ப்ளக்.

டங், டங்.

ப்ளக். ப்ளக்.

அந்தப் பக்கம் சத்தம் நின்னுச்சு. சாவி திருகுற சத்தம். ட்ரூம்ம்ம்!

காண்டீபன் கை பாஞ்சுது. குமிழி வந்துக்கிட்டேதான் இருந்துச்சு. அதுக்கு மேலயே மூடியை வச்சு முறுக்குனாரு.

"முடிஞ்சுது மேஸ்திரி! அவனைக் கேளுங்க, நான்தான் முதல்ல!"

தார்ப்பாய் விலகுச்சு.

டிரைவர் சீட்டுல நூர்ஜஹான். கையில ஸ்பானர்.

காண்டீபன் அவங்களுக்குப் பின்னால எட்டிப் பாத்தாரு. வண்டிக்கு அடியில குனிஞ்சு பாத்தாரு.

"தனபாலு எங்க?"

"அவன் இன்னைக்கு வரவே இல்லண்ணே."