வேலப்பனின் நாற்பது

வேலப்பனுக்கு அறுபது வயது ஆகப்போகிறது. தன் பழைய அம்பாசிடரைத் தானே பழுது பார்க்கணும் என்று நசீமாவின் ஷெட்டில் வேலை கற்றுக்கொண்டிருந்தார். அவரைவிட நசீமா ரொம்பச் சின்னவள். ஆனாலும் மேஸ்திரியம்மா என்றுதான் கூப்பிடுவார்.

அன்றைக்கு முகம் வாடி வந்தார்.

"மேஸ்திரியம்மா, பிரசவத்துக்கு வந்திருக்கிற மக என் வண்டியில ஏற மாட்டேங்கிறா. நிறைமாசத்தோட டவுன் பஸ்ல நின்னுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறா. பெத்தவன் மேல அப்படி என்ன கோபம்?"

"ஏன்னு கேட்டீங்களா?"

"பின் சீட்டுல ஏறினாலே 'மெதுவாப்பா, மெதுவாப்பா'ன்னு ஒரே கத்தல். நான் நாற்பதைத் தாண்டினதே இல்ல."

"மீட்டர்தான் செத்துக் கிடக்குதே?"

"அது எதுக்கு? நம்ம காலுக்குத் தெரியாதா?"

நசீமா அலமாரியைத் திறந்தாள். புது ஸ்பீடாமீட்டர் கேபிள் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"மாட்டுங்க."

வேலப்பன் காருக்கு அடியில் புகுந்து பழைய கேபிளைக் கழற்றினார். மேலுறை நல்லாத்தான் இருந்தது. உள்ளே இருந்த கம்பியை இழுத்தார். நடுவில் அறுந்துபோய்ப் பாதிதான் வந்தது. புதுக் கம்பிக்கு கிரீஸ் தடவி, ஒரு முனையைக் கியர் பாக்ஸிலும் மறுமுனையை மீட்டருக்குப் பின்னாலும் முடுக்கினார்.

நசீமா பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"மகளைக் கூட்டிட்டுப் போற மாதிரியே போங்க. நான் சொல்ற வரைக்கும் மீட்டரைப் பார்க்காதீங்க."

பைபாஸ் ரோட்டில் வண்டி ஓடியது. ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது.

"இதுதான் நம்ம நாற்பது," என்றார் வேலப்பன், ஜம்பமாக.

"இப்பப் பாருங்க."

முள் எண்பதைத் தாண்டி நின்றது.

வேலப்பன் விரலால் மீட்டரைத் தட்டினார். முள் இறங்கவில்லை.

"கேபிள் சரியில்ல மேஸ்திரியம்மா!"

"மாட்டினது நீங்கதானேண்ணே."

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். முள் நாற்பதுக்கு வந்தபோது வண்டி ஊர்கிற மாதிரி இருந்தது. பின்னாலிருந்து ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே அவர்களைத் தாண்டிப் போனது.

வேலப்பன் ஓரமாக நிறுத்தினார். திரும்பிப் பார்த்தார். நசீமா இரண்டு கையாலும் முன் சீட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"வயித்துப் பிள்ளைக்காரிய இப்படியா கூட்டிட்டுப் போனேன்? ஐயோ, மீட்டர் ஓடியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமே!"

நசீமா பிடித்த பிடியை விடவில்லை.

"முன்னால இருந்ததுதான் செத்துப் போச்சுண்ணே. பின் சீட்டுல ஒண்ணு நல்லாத்தானே ஓடிட்டு இருந்துச்சு?"