பிரிசில்லா போட்ட டோக்கன்

பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குள் ‘தொம்’ என்று ஒரு சத்தம். பிரிசில்லா ஓடிப்போய்ப் பார்த்தாள். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் கணவன் கிளாட்வின், கைக்குழந்தையை மடியில் வைத்தபடியே தூங்கிச் சரிந்திருந்தான். நல்லவேளை, குழந்தைக்கு அடியில்லை.

ஆறு மாதமாக இப்படித்தான். பலமில்லை, ஆசையில்லை, எதிலும் பிடிப்பில்லை. “ஆண் ஹார்மோன் குறைச்சலா இருக்குமோ, டாக்டர்?” என்று அவன் போன வாரம்தான் கேட்டிருந்தான். டாக்டர் தங்கதுரையின் அறைக்குள்ளேயே அடுத்த டோக்கன்காரர்களுக்கு ஒரு பெஞ்சு உண்டு.

“பிள்ளை பெத்தாச்சு, அப்புறம் என்னடே குறை?” என்று டாக்டர் சிரித்தார். பெஞ்சும் சிரித்தது.

அவன் குழந்தையோடு சரிந்த மறுநாள், பிரிசில்லா அவனையும் இழுத்துக்கொண்டு போய்த் தன் பெயரில் டோக்கன் போட்டாள்.

“சாயங்காலமே தூக்கம், டாக்டர். கையில பலமில்ல. எதுலயும் ஆசையே இல்ல.”

“பிள்ளை பெத்த உடம்பும்மா, ஹார்மோன்தான்! டெஸ்ட் எடுக்காம விடலாமா?” டாக்டர் மளமளவென்று எழுதினார்.

“பேரை மட்டும் மாத்திருங்க, டாக்டர். நான் சொன்னதெல்லாம் இவங்களுக்கு.”

“இவனுக்கா?”

“ஏன் டாக்டர், ஹார்மோன் எங்களுக்கு மட்டுமா?”

பெஞ்சு இப்போது டாக்டரைப் பார்த்துச் சிரித்தது. ஓரத்தில் இருந்தவர் மட்டும் சிரிக்காமல், “எனக்கும் ஒண்ணு எழுதுங்க, டாக்டர்” என்றார்.

தங்கதுரை சீட்டைக் கிழித்தார். ‘ஆண் ஹார்மோன் டெஸ்ட், காலையில் ரத்தம் எடுக்க’ என்று புதிதாக எழுதினார். பெஞ்சிலிருந்தவர்களை வெளியே அனுப்பினார். கிளாட்வினுக்கு நாற்காலியைக் காட்டி, “உட்காருங்க தம்பி, முதல்ல இருந்து சொல்லுங்க” என்றபடி கதவை உள்ளே தாழிட்டார்.